அய்யனார் காட்டில் நாற்பது தொட்டில்

நான் ஒரு சாமியை ஏமாற்றியவள். அதுவும் சின்னச் சாமி இல்லை, குதிரை மேல் உட்கார்ந்து ஊரையே காவல் காக்கிற அய்யனார். எதற்காக ஏமாற்றினாய் என்று கேட்டால், பூமியைக் காப்பாற்றத்தான். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு என் முகத்தில் சிரிப்பே கிடையாது, முழங்கை வரைக்கும் ரப்பர் கையுறைதான் இருந்தது.

அப்போது எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். திருச்சியில் பிறந்து வளர்ந்த நான், குன்றாண்டார்கோவில் பக்கம் மெயின் ரோட்டை விட்டு உள்ளே போகிற ஒரு ஊருக்கு மருமகளாக வந்திருந்தேன். காலேஜில் சுற்றுச்சூழல் மன்றத்துச் செயலாளராக இருந்தவள். அந்தப் பதவி படிப்போடு முடிந்துபோனது என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. வந்த முதல் வாரத்திலேயே மாமியார் சேர்த்து வைத்திருந்த கேரி பேக்குகளை மொத்தமாக அள்ளி ஒழித்தேன். மளிகைக்கடைக்குத் தூக்குவாளி எடுத்துப் போனேன். என் வீட்டுக்காரர் பாட்டில் தண்ணீர் வாங்கினால், அதைக் குடித்து முடிக்கிற வரைக்கும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன். பாவம், விக்கலோடுதான் குடிப்பார்.

ஊருக்கு மேற்கே அய்யனார் கோயில் காடு. பாலையும் வீரையும் உசிலையுமாக மரங்கள் அடர்ந்து, நடுப்பகலில் போனாலும் குளிர்ச்சியாக இருக்கும். சுற்றுவட்டாரம் முழுக்கத் தைல மரமாகிப் போன பிறகும் இந்தக் காடு மட்டும் தப்பித்ததற்குக் காரணம் ஊரில் இருக்கிற ஒரே ஒரு கட்டுப்பாடு. காட்டில் இருந்து ஒரு குச்சியைக்கூட வெளியே கொண்டுபோகக் கூடாது. காய்ந்து விழுந்த விறகைக்கூட யாரும் தொட மாட்டார்கள். முதல் தடவை கேட்டபோது எனக்குப் புல்லரித்துப் போனது.

இரண்டாவது தடவை உள்ளே போனபோதுதான் தெரிந்தது, அந்தக் கட்டுப்பாட்டைக் குப்பைக்கும் சேர்த்தே கடைப்பிடிக்கிறார்கள் என்று. கெடா வெட்டு முடிந்த எச்சில் தட்டு, டீ கப், தண்ணீர் பாட்டில், பூஜைச் சாமான் வந்த கவர், ராத்திரிக் குடிமகன்கள் விட்டுப்போன பாட்டில், எல்லாம் போட்டது போட்டபடி கிடந்தது. உள்ளே கொண்டுபோகத் தடையில்லை, வெளியே எடுத்து வரத்தான் தடை. மழைத் தண்ணீர் காட்டு வழியாக ஊரணிக்கு வருகிற வாய்க்கால் பிளாஸ்டிக்கால் அடைத்துக்கொண்டு, ஊரணி வருஷா வருஷம் பாதி வயிற்றோடு கிடந்தது.

சுத்தம் பண்ணலாம் என்றேன். பஞ்சாயத்துத் தலைவர் டிராக்டர் தரச் சம்மதித்துவிட்டார். பூசாரிதான் யோசித்தார். "குச்சியே ஆகாதுங்கிறப்ப, மூட்டை மூட்டையா எப்புடித்தா வெளிய கொண்டு போறது? எதுக்கும் பூக்கட்டிப் பாத்துருவோம்" என்றார்.

பூக்கட்டிப் பார்ப்பது எங்கள் பக்கம் உள்ள வழக்கம்தான். வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் சிவப்புப் பூவை இன்னொரு இலையிலும் மடித்துச் சாமி முன்னால் போட்டு, ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம், சிவப்பு வந்தால் கிடையாது. பூசாரிக்குக் கண் ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது, கறுப்புக் கண்ணாடியோடு தடவிக்கொண்டு இருந்தார். நான் முந்திக்கொண்டு, குடுங்க நான் மடிச்சுத் தாரேன் என்றேன். எவ்வளவு நல்ல மருமகள் என்று எல்லோரும் பார்த்தார்கள்.

இரண்டு இலையிலும் வெள்ளைப் பூவையே வைத்து மடித்தேன். சிவப்பு அரளியை என் ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டேன். (பூமிக்காகத்தான்.)

பொட்டலத்தை எடுத்தது கவிதா அண்ணி. என் வீட்டுக்காரரின் அக்கா, எனக்கு நாத்தனார். கல்யாணமாகி ஏழு வருஷம் பிள்ளை இல்லாமல் இருந்து, போகாத கோயில் இல்லை, பார்க்காத டாக்டர் இல்லை என்று அலைந்து, அப்போதுதான் எட்டாவது மாதம். வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அவர் வீட்டுக்காரர் ஷார்ஜாவில் இருந்தார். பிள்ளைத்தாச்சி காட்டுக்குள் போகக் கூடாது என்பதால், வாசலில் நிற்கிற மண் குதிரைகளுக்கு இந்தப் பக்கமே எல்லாம் நடந்தது. அண்ணி குனிய முடியாமல் குனிந்து எடுத்தார். வெள்ளை. வராமல் எங்கே போகும்? மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் போட்டுக்கொண்டேன், கொஞ்சம் பலமாகவே.

சனிக்கிழமை காலையில் திருச்சியிலிருந்து என் தோழிகள் நாலு பேர் வந்து இறங்கினார்கள். பதினோரு மணிக்குள் தரையெல்லாம் அள்ளி மூட்டை கட்டியாகிவிட்டது. அத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. நான் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தேன்.

காட்டு வாசலிலேயே ஒரு பாலைமரம். அதன் தாழ்ந்த கிளைகளில் பிளாஸ்டிக் தொட்டில்கள் தொங்கின. பிள்ளை வரம் கேட்டுக் கட்டுகிற, கையகலத்துக் குட்டித் தொட்டில்கள். அது என்னவென்று எனக்குத் தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் வெயிலில் கிடந்து சாம்பல் நிறமாகி, காற்றில் பறந்து வந்த கேரி பேக்கோடும் கொடியோடும் பின்னிக்கொண்டு, பாதி உடைந்து கிடந்தன. கீழே அவ்வளவு சுத்தமாக இருக்கும்போது மேலே அது கண்ணை உறுத்தியது. எல்லாம் பழைய தொட்டில், கேட்டவர்களுக்குப் பிள்ளை பிறந்து அந்தப் பிள்ளைகள் பிளஸ் டூவே முடித்திருக்கும் என்று நானே தீர்ப்பு எழுதினேன். அய்யனார் ஆபீசில் உட்கார்ந்து, இந்த வேண்டுதல்கள் எல்லாம் காலாவதி ஆகிவிட்டன என்று முத்திரை குத்தியது போலத்தான். தொரட்டியை வாங்கி இழுத்தேன்.

ஒரே ஒரு தொட்டில் மட்டும் கொஞ்சம் புதுசாக, ரோஸ் நிறத்தில் இருந்தது. ஒரு நிமிஷம் கை தயங்கியதும் உண்மை. மொட்டை மரத்தில் ஒன்று மட்டும் தொங்கினால் போட்டோவில் நன்றாக இருக்காதே என்று அதன் கயிற்றையும் அறுத்தேன்.

மதியச் சாப்பாடு முடிந்து, தோழிகளை பஸ் ஏற்றிவிட்டு, மாமியார் அசந்து படுத்திருந்த நேரத்தில், அண்ணியிடம் போனை நீட்டினேன். சுத்தம் பண்ணுவதற்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு போட்டோ போட்டிருந்தேன். முதல் போட்டோவில் அந்த ரோஸ் தொட்டிலைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டு, 'நம்பிக்கை என்ற பெயரில் காட்டைக் குப்பையாக்கலாமா?' என்று கேட்டிருந்தேன். ஷார்ஜாவில் இருந்து அண்ணியின் வீட்டுக்காரர்கூடக் கட்டைவிரல் தூக்கிப் பாராட்டியிருந்தார்.

அண்ணி இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். பிறகு அடுத்த போட்டோவுக்குப் போய், மரத்தைப் பெரிதாக்கினார். வெறும் கிளை.

"அந்த ரோஸ் தொட்டில்ல நகப்பாலிஷால 'க'ன்னு எழுதியிருந்துச்சா, சுமதி?"

எழுதியிருந்தது. கம்பெனி பெயர் போல என்று நினைத்திருந்தேன்.

போன வருஷம் லீவில் வந்திருந்தபோது அவரும் அண்ணியும் சேர்ந்து கட்டியதாம். தான் கட்டிய தொட்டிலுக்கே அந்த மனுஷன் கட்டைவிரல் தூக்கியிருக்கிறார். அண்ணி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கண் மட்டும் நிறைந்துவிட்டது. பிறகு மெதுவாகச் சொன்னார். "பிள்ளை பொறந்து, நானே தூக்கிட்டுப் போயி அவுக்கணும்னு வேண்டியிருக்கேன். அம்மாவுக்குத் தெரிஞ்சா உசிரையே விட்டுரும். ஆறு மணிக்குக் கோயிலுக்கு வெளக்குப் போடப் போகும். அதுக்குள்ள கொண்டாந்துரு."

எனக்கு வேண்டுதலில் நம்பிக்கை உண்டா இல்லையா என்பதெல்லாம் அப்போது பேச்சே இல்லை. ஏழு வருஷம் காத்திருந்த ஒரு பொம்பளையின் பயத்தை நான் தொரட்டி வைத்து இழுத்துப் போட்டிருக்கிறேன். போதாததற்கு ஜாக்கெட்டில் ஒளித்த அரளிப்பூ வேறு. அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஒன்று ஆனால் என் பூக்கட்டு வேலைதான் காரணம் என்று மனசு அடித்துக்கொண்டது. பிள்ளைக்கு ஒண்ணும் ஆகக் கூடாது, தண்டிக்கிறதா இருந்தா என்னைய மட்டும் தண்டிச்சுக்கங்க சாமி என்று வேண்டிக்கொண்டேன். (இதையும் அவர் குறித்து வைத்துக்கொண்டார் என்பது பின்னால்தான் தெரிந்தது.)

என் வீட்டுக்காரரை எழுப்பி விஷயத்தைச் சொன்னேன். அவர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தார். மூன்று கிலோமீட்டர் தள்ளி, ரோட்டோரத்தில் பஞ்சாயத்தின் குப்பை பிரிக்கிற ஷெட். மூட்டைகளை இறக்கிவிட்டு டிராக்டர் போயிருந்தது. நான் இறங்கி ஓடிய வேகத்தில் ஒரு செருப்பு ரோட்டிலேயே நின்றுவிட்டது. எங்கள் மூட்டைகள் எல்லாம் வாய் திறந்து காலியாகக் கிடந்தன. பாட்டில் ஒரு பக்கம், கவர் ஒரு பக்கம், தட்டு ஒரு பக்கம் என்று பிரித்தாகிவிட்டது. தொட்டிலைக் காணோம். நான் அந்தக் கவர்க் குவியலில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, கையுறைகூட இல்லாமல் கிளற ஆரம்பித்தேன். எச்சில் குழம்பு வாடை. பூமியைக் காப்பாற்ற வந்தவள் பூமியின் எச்சிலில் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"என்னத்தா தேடுற?"

அங்கே வேலை பார்க்கிற லெட்சுமி அக்கா. சொன்னேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அங்கிட்டு வா" என்று ஷெட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

துணி காயப்போடுகிற கயிறு ஒன்று இந்தத் தூணுக்கும் அந்தத் தூணுக்குமாகக் கட்டியிருந்தது. அதில் வரிசையாகத் தொட்டில்கள். ஒவ்வொன்றையும் கொடி பிரித்து, தண்ணீரில் அலசி, தொங்கவிட்டிருந்தார். காற்றில் எல்லாம் ஒன்றாக ஆடிக்கொண்டிருந்தன. நடுவில் ரோஸ் நிறத்தில், 'க'.

"நாப்பது இருக்கு, எண்ணிட்டேன்" என்றார் அக்கா. "தொட்டிலப் போயி யாராச்சும் குப்பையில போடுவாகளா? அந்த மரத்துல நானும் ஒண்ணு கட்டுனவதான். என் மவன் இப்ப ஆறாவது படிக்கிறான்."

நான் அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். குப்பை பிரித்துக்கொண்டிருந்த அவரே, என் மேல் அடித்த நாற்றத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவ்வளவு சந்தோஷமாக நான் என் கல்யாணத்தன்றுகூட இல்லை. (இதை அப்போதே சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் பரவாயில்லை என்றார்.)

நாற்பது தொட்டிலையும் அள்ளிக்கொண்டு ஐந்து மணிக்குள் காட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தோம். அண்ணி ஏற்கெனவே வந்து மண் குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரோஸ் தொட்டிலை அவர் கையில் கொடுத்தேன். வாங்கி நெஞ்சோடு வைத்து அழுத்தினார். அது படக்கென்று இரண்டாக உடைந்தது.

ஒரு வருஷ வெயில் தின்ற பிளாஸ்டிக், வேறென்ன செய்யும். ஆனால் நான் நின்ற இடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அண்ணி உடைந்த துண்டுகளை மடியில் கட்டிக்கொண்டு, தம்பியின் தோளில் கிடந்த காட்டன் துண்டை உருவி, ஓரத்தைப் பல்லால் கடித்து நீளமாகக் கிழித்தார். நாலு முடிச்சுப் போட்டுக் குட்டித் தூளியாக்கினார். இந்த மாதிரி நேரத்தில் எனக்கு யோசனையே ஓடாது, அவருக்கு ஓடியது.

"இதுவே கெடக்கட்டும். இத்துப்போனா எலையோட எலையா மண்ணுக்குப் போயிரும்" என்றவர், என் கையில் கொடுத்தார். "நீதான் அவுத்த. நீயே கட்டு."

கட்டினேன். மற்றத் தொட்டில்களையும் நானேதான் கட்ட வேண்டியிருந்தது. பாதித் தொட்டில்கள் கை பட்டதும் அப்பளமாக நொறுங்கின. துண்டு முழுக்கத் தீர்ந்து, என் துப்பட்டாவையும் கிழித்துத் தூளியாக்கித் தூளியாக்கிக் கட்டினேன். நாற்பதாவது முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் எண்ணெய்த் தூக்கு கீழே வைக்கிற சத்தம் கேட்டது. மாமியார்.

கிழிந்த துப்பட்டாவோடு, கண்ணெல்லாம் சிவந்து, மரம் முழுக்கத் தொட்டில் கட்டிக்கொண்டிருக்கிற புது மருமகளை அவர் மேலும் கீழும் பார்த்தார். எண்ணிக்கூடப் பார்த்தார் என்று நினைக்கிறேன். பிறகு என் தலையைத் தடவி, அவ்வளவு பிரியமாகச் சொன்னார். "கல்யாணமாகி மூணு மாசந்தானத்தா ஆகுது. அதுக்குள்ள ஏன் இம்புட்டு அவசரம்? ஒண்ணு கட்டுனாப் போதும், அய்யனாருக்குத் தெரியும்."

உண்மையைச் சொல்ல வழியில்லை. அண்ணி மண் குதிரைக்குப் பின்னால் போய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மறுநாள் காலைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. பால் ஊற்ற வந்தவர் முதற்கொண்டு என்னைப் பார்த்து, கவலைப்படாத, சீக்கிரம் நடக்கும் என்று ஆறுதல் சொன்னார்கள்.

அடுத்த மாதம் அண்ணிக்குச் சுகப்பிரசவம். பெண் குழந்தை, பெயர் இளமதி. நர்ஸ் வெளியே வந்து தாயும் பிள்ளையும் நல்லாருக்காங்க என்று சொன்னபோது நான் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு மாதமாகத் தூக்கிக்கொண்டு திரிந்த பாரம் அந்த ஒரு வார்த்தையில் இறங்கியது. அன்று சாயங்காலமே அண்ணியிடம் பூக்கட்டு விஷயத்தைச் சொல்லி அழுதேன்.

அண்ணி பிள்ளையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தெரியும். மிச்சப் பொட்டலத்த நான் அன்னைக்கே பிரிச்சுப் பாத்தேன். அதுலயும் வெள்ளைதான்."

"அப்புறம் ஏன் அண்ணி சொல்லலை?"

"என் தொட்டிலுக்குக் கீழ பிராந்தி பாட்டிலும் எச்சித் தட்டும் கெடந்துச்சு சுமதி. பிள்ளைய அந்த எடத்துக்கா தூக்கிட்டுப் போவேன்? அள்ளிப் போட ஒருத்தி வந்தா, நான் எதுக்குத் தடுக்கணும்?"

அந்த ஐப்பசி மழையில் வாய்க்கால் ஓடி, ஊரணி கரை தொட்டு நிரம்பியது. நிரம்பிய அன்றைக்குப் பூசாரியே வந்து, அய்யனார் வெள்ளைப் பூ குடுத்தது சும்மாவா என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இப்போது கெடா வெட்டு முடிந்தால், கொண்டு வந்தவர்களே அள்ளிக் கொண்டுபோக வேண்டும் என்று ஊரில் கட்டுப்பாடு இருக்கிறது.

பிளாஸ்டிக் தொட்டில் வேண்டாம் என்று நான் வீடு வீடாகப் போய்ப் பேசியதில் ஒருவரும் மசியவில்லை. அது மாறியது வேறு விதமாக. மரத்தில் அந்தத் துணித் தூளிகளைக் கட்டி முடித்த பதினோராவது மாதம் எனக்கு ரெட்டைப் பிள்ளை பிறந்தது. என்னை மட்டும் தண்டிக்கச் சொன்னேன் அல்லவா, ராத்திரி முழுக்க ஒன்று மாற்றி ஒன்று அழுதபோதுதான் அது ஞாபகம் வந்தது. துணித் தொட்டில் கட்டினால் சாமி உடனே பார்க்கிறார் என்று பேச்சுப் பரவி, அப்புறம் அந்த மரத்தில் பிளாஸ்டிக்கை யாரும் கட்டவே இல்லை. என் சுற்றுச்சூழல் மன்றத்தின் ஒரே வெற்றி அதுதான், அதுவும் வதந்தியால் வந்தது.

ஆஸ்பத்திரியில் ரெட்டையைப் பார்த்துவிட்டு மாமியார், "நாப்பது கட்டுனவளுக்கு ரெண்டுதான் வந்திருக்கு" என்று சொன்னதை, எங்கள் வீட்டில் யாரும் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. என் வீட்டுக்காரருக்கு உண்மையாகவே வேர்த்துவிட்டது. அண்ணிதான் பஞ்சாயத்துப் பண்ணி ஒரு முடிவு கண்டார். ஒன்று இளமதி, இரண்டு என்னுடையது. மீதி முப்பத்தேழையும் ஊருக்கு எழுதி வைத்துவிடுவது, ஊரில் யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் அதில் ஒன்று கழித்துக்கொள்வது. அன்றிலிருந்து ஊரில் யார் பிள்ளை பெற்றாலும் முதலில் நிம்மதியாக மூச்சு விடுகிறவர் என் வீட்டுக்காரர்தான்.

இளமதிக்கு இப்போது ஒன்பது வயசு. கணக்கு அவள் கையில்தான் இருக்கிறது. போன வாரம் லீவுக்கு வந்தவள் பையைக்கூட வைக்காமல் ஓடி வந்து சொன்னாள். "அத்தை, டீக்கடை வீட்டு அக்காவுக்குப் பாப்பா பொறந்துருச்சு. இன்னும் நாலுதான் இருக்கு, பயப்படாதீங்க."